மூன்றாவது பற்றறியும் திங்கட்கிழமை காலையில் கைவிடுவது ஏன்?

கோப்பாய்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதிய நீண்ட கடிதத்துக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். அவருடைய பெயரையும் அவர் குறிப்பிட்ட கடை, கராஜ் ஆகியவற்றின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

கணவர் கட்டாரில் வேலை செய்ய, இரண்டு பிள்ளைகளுடனும் மாமா மாமியுடனும் இருக்கும் இவர், 2012ஆம் ஆண்டுத் தயாரிப்பான சிறிய ஜப்பானியக் கார் ஒன்றை நான்கு ஆண்டுகளாக வைத்திருக்கிறார். முதலில் இருந்த பற்றறி மூன்று ஆண்டுகள் தொல்லையின்றி உழைத்தது. அடுத்து வாங்கியது ஏழே மாதத்தில் படுத்துவிட்டது. ஓராண்டு உத்தரவாதம் இருந்தும், "வாகனத்தில் சார்ஜிங் பிழை, பற்றறியில் பிழை இல்லை" என்று கடைக்காரர் கையை விரித்ததால், அதே கடையில் மூன்றாவதையும் காசு கொடுத்தே வாங்கினார். நான்கு மாதம் ஆவதற்குள் அதுவும் காலையில் ஸ்ராட் எடுக்க மறுக்கிறது, பெரும்பாலும் திங்கட்கிழமைகளில். ஒரு கராஜில் டைனமோ பலவீனம், 55,000 ரூபாவுக்கு மீள்திருத்தியது ஒன்று போட வேண்டும் என்றார்கள். இன்னொரு கராஜில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே பற்றறியின் ஒரு முனையைக் கழற்றிப் பார்த்து, என்ஜின் நிற்கவில்லை, ஆகவே டைனமோ நல்லது என்றார்கள். பெரிய பற்றறியாகப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது உறவினர் ஒருவருடைய கருத்து. யாரை நம்புவது, 55,000 ரூபாவைச் செலவழிக்கலாமா, கடைக்காரர் செய்தது நியாயமா, பேசாமல் காரை விற்றுவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், கனடாவிலிருந்து தம்பி கடந்த ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது அன்ட்ரொயிட் செற் (டாஷ்போட்டில் பூட்டும் தொடுதிரைக் கருவி) ஒன்றும் டாஷ் கமரா ஒன்றும் பூட்டித் தந்ததாகவும், அவை மிக வசதியாக இருப்பதாகவும் போகிற போக்கில் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகளுக்கான விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தம்பி செற் பூட்டிய திருவிழாக் காலத்தையும், மூன்று ஆண்டு உழைத்த முதற்பற்றறி போன மாதத்தையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மாதம்தான். வயது முதிர்ந்த பற்றறி அந்நேரத்தில் தற்செயலாகவும் போயிருக்கலாம். ஆனால் அதன் பின் வந்த இரண்டு புதிய பற்றறிகளும் அதே வழியில் போகும்போது தற்செயல் என்ற விளக்கம் வலுவிழக்கிறது. இருந்தாலும் இது கடிதத்தை வாசித்து எழுந்த சந்தேகமே. அளந்து பார்க்கும்வரை இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு காரின் பற்றறி வெறுமையாவதற்கு மூன்று வழிகள் உண்டு. பற்றறியே மின்னைப் பிடித்துவைக்கும் திறனை இழந்திருக்கலாம். கார் ஓடும்போது அதற்குப் போதிய மின் கிடைக்காமல் இருக்கலாம். கார் நிற்கும்போது ஏதோ ஒன்று அதிலிருந்து உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். கடைக்காரரும் இரண்டு கராஜ்காரரும் ஆளுக்கொரு முடிவைச் சொல்லியிருக்கிறார்களே தவிர, மின்னை அளக்கும் மல்ரிமீற்றர் ஒன்றை யாராவது கையில் எடுத்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இதுதான் எனக்கு வருத்தமளிக்கிறது. சாதாரண மல்ரிமீற்றர் ஒன்றின் விலை நீங்கள் வீணாக்கிய பற்றறியின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

முனையைக் கழற்றிப் பார்க்கும் சோதனை

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது ஆபத்தானது. என்ஜின் ஓடும்போது பற்றறி முனையைக் கழற்றிப் பார்ப்பது பழைய டைனமோ இருந்த காலத்துப் பழக்கம். இன்றைய கார்களில் என்ஜின் ஓடும்போது மின்னை உண்டாக்குவது ஒல்ரனேற்றர். நம்மவர் வாயில் இன்னும் டைனமோ என்றே வழங்குகிறது. பற்றறி அதனுடன் இணைந்திருக்கும்வரை மின்னழுத்தத்தின் திடீர் ஏற்றங்களை உள்வாங்கித் தணித்துக்கொண்டிருக்கும். மின் பாய்ந்துகொண்டிருக்கையில் அந்த இணைப்பைத் திடீரென அறுத்தால், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மின்னழுத்தம் 14 வோல்ற்றிலிருந்து பல மடங்கு எகிறக்கூடும். மின்னை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் ஒல்ரனேற்றரின் டயோட்டுகளும், அதைவிட விலை கூடிய என்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அதில் கருகிப்போன வாகனங்கள் உண்டு. உங்கள் கார் தப்பியது நல்லது. இன்னொரு முறை யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள். அந்தச் சோதனையால் கிடைத்த முடிவுக்கும் பெறுமதி இல்லை. என்ஜின் நிற்காமல் ஓடியது, ஒல்ரனேற்றர் ஏதோ ஓரளவு மின்னைத் தருகிறது என்பதை மட்டுமே காட்டும். பற்றறியை நிரப்பும் அளவுக்குத் தருகிறதா என்பதைக் காட்டாது.

மற்றக் கராஜ் சொன்ன 55,000 ரூபா முடிவும் அளவின்றிச் சொல்லப்பட்டதே. டாஷ்போட்டில் பற்றறி வடிவ விளக்கு எரியவில்லை என்பதால் ஒல்ரனேற்றர் நல்லது என்று நீங்கள் ஊகித்திருக்கிறீர்கள். அந்த விளக்கு பெரும் பிழைகளைத்தான் காட்டும். அரைகுறையாக வேலை செய்யும் ஒல்ரனேற்றரைப் பல வேளைகளில் காட்டிக்கொடுக்காது. சாவியைத் திருப்பியதும், என்ஜின் ஓடத் தொடங்கும் முன், அது எரிகிறதா என்று பாருங்கள். அப்போதும் எரியாவிட்டால் விளக்கையோ அதன் வயரையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஏன் திங்கட்கிழமை?

சனி, ஞாயிறு நாள்களில் நீங்கள் ஸ்கூட்டியில்தான் போய்வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலைவரை ஏறத்தாழ 60 மணி நேரம் கார் நிற்கிறது. எந்தக் காரும் நிற்கும்போது சிறிதளவு மின்னை எடுக்கும். மணிக்கூடு, அலாரம், கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் நினைவகம் ஆகியவற்றுக்காக 50 மில்லி அம்பியருக்கு உட்பட்ட இழுவை வழமையானது. அந்த அளவில் 60 மணி நேரத்துக்கு 3 அம்பியர்-மணிதான் செலவாகும் (ஓர் அம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஓர் அம்பியர்-மணி). 35 அம்பியர்-மணி கொண்ட உங்கள் பற்றறிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இனி, நிற்கும் வேளையிலும் பதிவு செய்யும் டாஷ் கமராவும் முழுமையாக உறங்காத அன்ட்ரொயிட் செற்றும் சேர்ந்து 300 மில்லி அம்பியர் எடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இது மிகையான ஊகமன்று. 60 மணி நேரத்தில் 18 அம்பியர்-மணி, அதாவது பற்றறியின் பாதி, போய்விடும். வெள்ளியன்றே அது முக்கால் நிறைவில்தான் இருந்ததென்றால், திங்கள் காலையில் ஸ்ராட்டர் மோட்டாரைச் சுழற்ற எஞ்சியிருப்பது கால் பங்கு. கிழமை நாள்களில் ஓரிரவுக்கு 4 அம்பியர்-மணியளவே போவதால் சமாளித்துவிடுகிறது.

அன்ட்ரொயிட் செற்றில் நிகழும் ஒரு பிழையை இங்கே குறிப்பிட வேண்டும். அதற்கு இரண்டு மின் வயர்கள் வரும்: பெரும்பாலும் மஞ்சள் நிறமானது எப்போதும் மின் உள்ள இணைப்புக்கு, சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் மின் வரும் இணைப்புக்கு. செற் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து விழித்தெழ நேரமெடுக்கிறது என்பதற்காகவோ, சரியான இணைப்பைத் தேடும் சோம்பலிலோ, இரண்டையும் முறுக்கி எப்போதும் மின் உள்ள வயரிலேயே கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. திரை இருண்டிருக்கும், உள்ளே செற் விழித்தே இருக்கும். சாவியைக் கழற்றிய பிறகும் செற்றின் பொத்தானை அழுத்தினால் உயிர்பெறுகிறதா என்று இன்றே பாருங்கள். உயிர்பெற்றால் வயர்கள் இணைக்கப்பட்ட விதத்தைச் சந்தேகிப்பதற்கு அது போதிய காரணம்.

ரியூசன் வாசலில் ஒரு மணி நேரம்

பள்ளிக்கூடத்துக்கு மூன்று கிலோமீற்றர் போய் வருவதும், மாலையில் பிள்ளைகளின் ரியூசன் முடியும்வரை ஏசியைப் போட்டு என்ஜினை ஓடவிட்டுக் காத்திருப்பதும்தான் உங்கள் காரின் அன்றாட ஓட்டம். அந்த ஒரு மணி நேரத்தில் பற்றறி நன்றாக ஏறுகிறது என்று எண்ணியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஒல்ரனேற்றர் தன் முழு அளவைத் தருவது என்ஜின் வேகமாகச் சுழலும்போதுதான். நின்ற நிலையில் மெல்ல ஓடும்போது அதில் ஒரு பகுதியையே தரும். அதே நேரத்தில் என்ஜினின் சொந்தத் தேவை, ஏசியின் காற்றாடி, ரேடியேற்றர் விசிறி, இருட்டிவிட்டால் ஹெட்லைற் என எல்லாம் சேர்ந்து 30 அம்பியரைத் தாண்டிவிடும். ஹெட்லைற் இரண்டுக்கு மட்டும் 9 அம்பியரளவு வேண்டும். வரவும் செலவும் சரியாகிப் பற்றறிக்கு ஒன்றும் மிஞ்சாது. சில வேளை பற்றறியே கைகொடுக்க வேண்டி வரும். ஏசியை நிறுத்தி, என்ஜினையும் நிறுத்தி, வேப்பமர நிழலில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருப்பது பற்றறிக்கும் பெற்றோல் செலவுக்கும் நல்லது.

மாமா சனி, ஞாயிறு காலையில் பத்து நிமிடம் ஓடவிடுவதும் நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஸ்ராட் எடுக்கும் செயலுக்கு ஆகும் மின் மிகச் சிறிது. பத்து நிமிடத்தில் அது மீண்டும் வந்து, மேலதிகமாக 2 அம்பியர்-மணி சேர்ந்தாலே பெரிது. ஒரு நாளில் 7 அம்பியர்-மணி போகும் இடத்தில் அது போதாது. கிழமைக்கு ஒரு முறை பருத்தித்துறைக்கோ சாவகச்சேரிக்கோ முக்கால் மணி நேரம் சீராக ஓட்டிவருவது அதைவிடப் பயன் தரும்.

மாமாவிடம் இன்னொன்றையும் பக்குவமாகச் சொல்லுங்கள். இரண்டாவது பற்றறியின் மூடிகளைத் திறந்து வீட்டுக் கிணற்று நீரை விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நம் குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் இறங்கியவை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவென்று ஒவ்வொரு வீட்டிலும் தெரியும். கடற்கரைப் பக்கங்களில் உப்பும் சேரும். அந்தக் கனியுப்புகளும் குளோரைட்டும் பற்றறியின் ஈயத் தட்டுகளைக் கெடுக்கும். கொதிக்கவைத்து ஆறவிட்டாலும் அவை முழுமையாக நீரை விட்டுப் போவதில்லை. பற்றறிக்கென விற்கப்படும் காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதையும் விடக்கூடாது. இப்போதுள்ளது மூடியற்ற வகை என்பதால் அதற்கு நீர் விடும் வேலையே இல்லை.

இரண்டு வார இறுதிச் சோதனை

முதலில் பற்றறியைக் கழற்றிக் கொடுத்து முழுமையாகச் சார்ஜ் போடுவியுங்கள். 35 அம்பியர்-மணிப் பற்றறிக்கு 3.5 அல்லது 4 அம்பியரில், பத்துப் பன்னிரண்டு மணி நேரம். ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறோம் என்பவரிடம் கொடுக்காதீர்கள். அரைகுறை நிறைவில் வாரக்கணக்காகக் கிடக்கும் பற்றறியின் தட்டுகளில் ஈய சல்பேற்று இறுகிப் படியும். உங்கள் மூன்றாவது பற்றறி இன்னும் அந்த நிலைக்கு முழுதாகப் போகாமல் இருக்கலாம் என்பதால் இதைத் தாமதிக்க வேண்டாம்.

முதல் வெள்ளிக்கிழமை, காரை நிறுத்தி இரண்டு மணி நேரம் கழித்துப் பற்றறி முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு யாரும் ஸ்ராட் செய்யக்கூடாது. மாமாவும் அந்த இரண்டு நாளும் ஓய்வெடுக்கட்டும். திங்கள் காலையில், சாவி போடும் முன், மறுபடி அளவுங்கள். அடுத்த வெள்ளிக்கு முன் பற்றறியை மறுபடியும் முழுமையாகச் சார்ஜ் செய்து, அதே அளவீட்டைச் செய்யுங்கள். ஆனால் இம்முறை வெள்ளி இரவு அளந்ததும் பற்றறியின் மறை முனையை, அதாவது கழித்தல் குறியிட்டதை, கழற்றி ஒதுக்கிவையுங்கள். என்ஜின் நின்றிருக்கும்போது இதைச் செய்வதில் ஆபத்தில்லை. வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். ரிமோட் வேலை செய்யாது என்பதால் கதவைச் சாவியால் பூட்ட வேண்டியிருக்கும். மணிக்கூட்டைப் பிறகு திருத்த வேண்டியிருக்கும்.

முழு நிறைவிலுள்ள பற்றறி ஓய்வில் 12.6 வோல்ற்றுக் காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் என்று கொள்ளலாம். முனையைக் கழற்றிவைத்த வார இறுதியில் அளவு இறங்காமல் நின்று, பூட்டியிருந்த வார இறுதியில் 12.2க்கோ அதற்குக் கீழோ இறங்கியிருந்தால், காரில் ஏதோ ஒன்று உறிஞ்சுகிறது. கழற்றிவைத்தும் இறங்கினால் பற்றறியே கெட்டுவிட்டது. இரண்டு முறையும் இறங்காமல் நின்று, கிழமை நாள்களில் படிப்படியாக இறங்கினால், ஒல்ரனேற்றரையும் உங்கள் குறுந்தூர ஓட்டத்தையும் பார்க்க வேண்டும்.

மின்திருத்துநரிடம் கேட்க வேண்டியவை

உறிஞ்சல் என்று தெரிந்தால், மறை முனைக்கும் அதன் வயருக்கும் இடையில் அம்பியர்மானியை இணைத்து, கதவுகளை மூடி, கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உறங்க அரை மணி நேரமாவது விட்டு அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லி அம்பியருக்கு மேல் தெளிவாகக் கூடியிருந்தால், பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்ற, எதைக் கழற்றும்போது அளவு விழுகிறதோ அந்தப் பாதையில் பிழை இருக்கும். அம்பியர்மானி இணைந்திருக்கையில் ஸ்ராட் செய்யக்கூடாது. பியூஸ் எதனாலும் அளவு குறையாவிட்டால் ஒல்ரனேற்றரின் டயோட் ஒன்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அது பியூஸ் பெட்டிக்கு வெளியே நேராகப் பற்றறியுடன் இணைந்தது. செற்றிலோ கமராவிலோ பிழை என்றால் திருத்தம் மிக எளிது: இரண்டையும் சாவி வழி மின்னுக்கு மாற்றினால் போதும். கமரா நிற்கும்போதும் பதிவு செய்ய வேண்டுமென்றால், குறித்த மின்னழுத்தத்துக்குக் கீழே போனதும் தானாகத் துண்டிக்கும் இணைப்பு வயரைப் பூட்டலாம்.

ஒல்ரனேற்றரைப் பொறுத்தவரை, என்ஜினை நிமிடத்துக்கு 2000 சுற்றளவில் ஓடவிட்டு, ஹெட்லைற்றும் ஏசியும் போட்ட நிலையில் பற்றறி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ற்று வரை இருந்தால் அதை மாற்றத் தேவையில்லை. பாரமின்றி, அதாவது ஹெட்லைற்றும் ஏசியும் போடாமல், அளந்துவிட்டு 12.8தான் வருகிறது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பல ஜப்பானியக் கார்களில், தேவை குறைந்த வேளையில் எரிபொருளை மிச்சப்படுத்த, ஒல்ரனேற்றரின் மின்னழுத்தத்தைக் கணினியே வேண்டுமென்று தாழ்த்திவைக்கும். இது தெரியாமல் கழற்றி வீசப்பட்ட நல்ல ஒல்ரனேற்றர்கள் எத்தனையோ.

பாரத்துடனும் அளவு குறைவாக இருந்தால்கூட, உடனே 55,000 ரூபாவை எண்ணிக் கொடுக்க வேண்டாம். பெல்ற் தளர்ந்திருக்கிறதா என்பது ஒரு நிமிட வேலை. அடுத்து, ஒல்ரனேற்றரின் வெளியீட்டு முனைக்கும் பற்றறியின் நேர் முனைக்கும் இடையில் எத்தனை வோல்ற்று இழக்கப்படுகிறது, என்ஜின் உடலுக்கும் பற்றறியின் மறை முனைக்கும் இடையில் எத்தனை என்று அளக்கச் சொல்லுங்கள். முதலாவது 0.3 வோல்ற்றைத் தாண்டினாலோ இரண்டாவது 0.2ஐத் தாண்டினாலோ பிழை வயரிலோ, மறை முனையைக் காரின் உடலோடு சேர்க்கும் எர்த் இணைப்பிலோதான். எந்தத் திசையில் போனாலும் கடல் வந்துவிடும் நம் ஊரில், உப்புக் காற்றில் எர்த் பட்டி பச்சை பூத்துக் கிடப்பதை அடிக்கடி காணலாம். முனைகளில் பூத்திருப்பதை வெந்நீரில் கரைத்த அப்பச்சோடாவால் கழுவித் துடைத்து, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசினால் நெடுநாள் தாங்கும். இவையெல்லாம் சரியாக இருந்தும் அளவு வராவிட்டால் மட்டுமே ஒல்ரனேற்றரைக் கழற்ற வேண்டும். அப்போதும் அதன் உள்ளுறுப்புகளான பிரஷ், ரெகுலேற்றர் ஆகியவற்றைத் தனியே மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

பெரிய பற்றறி பற்றிய யோசனை வேண்டாம். ஒழுகும் தண்ணீர்த் தாங்கியை எடுத்துவிட்டு அதைவிடப் பெரிய தாங்கியை வைப்பதற்குச் சமம் அது. வெறுமையாக இன்னும் ஓரிரு நாள் கூட எடுக்கும், அவ்வளவுதான். பற்றறி வைக்கும் தட்டில் சரியாக அமராமலும், முனைகள் இடம்மாறியும் இருந்தால் வேறு ஆபத்துகளும் உண்டு.

கடைக்காரரும் உத்தரவாதமும்

இதில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உத்தரவாத அட்டைகள் பொதுவாகத் தயாரிப்புக் குறைபாட்டையே உள்ளடக்கும். வாகனத்தின் மின் பிழையால் கெட்டதை விலக்கும். உங்கள் காரில் உறிஞ்சல் இருப்பது உறுதியானால், இரண்டாவது பற்றறி விடயத்தில் கடைக்காரருடைய முடிவு தவறென்று சொல்வது கடினம். கிணற்று நீர் அந்த வழக்கை இன்னும் பலவீனப்படுத்துகிறது. அவர் காரணமாகச் சொன்ன சார்ஜிங் பிழை வேறு, நிற்கும்போது உறிஞ்சுவது வேறு. ஆனாலும் இரண்டும் வாகனத்தின் பக்கமே சேரும். அவரிடம் நான் காணும் குறை, அளவெதையும் காட்டாமல் மறுத்ததும், பிழை வாகனத்தில் என்று தாமே சொல்லிவிட்டு அதைப் பார்க்கச் சொல்லாமல் அடுத்த பற்றறியை விற்றதும்தான்.

மூன்றாவது பற்றறிக்கு உத்தரவாதம் இன்னும் இருக்கிறது. மேலே சொன்ன சோதனையில், முனையைக் கழற்றிவைத்தும் அது இறங்கினால், அந்த அளவுகளைத் திகதியுடன் எழுதி, பற்றுச்சீட்டையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள். முழுமையாகச் சார்ஜ் செய்த பிறகு தங்கள் கருவியில் சோதித்து முடிவை எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம்; 1977 என்ற இலக்கத்தில் அழைத்து வழி கேட்கலாம். முறைப்பாட்டைக் காலந்தாழ்த்தாதீர்கள். பற்றுச்சீட்டு கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை என்பதால், இனி எந்தக் கராஜிலும் வாயால் சொன்ன விலைக்கு வேலை ஒப்படைக்காதீர்கள்.

காரை விற்பது பற்றி: 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்தில் தனியார் கார்களுக்குத் திறக்கப்பட்டாலும், புதிதாக வரும் கார்களின் விலை உங்களுக்குத் தெரியும். என்ஜினிலோ கியர்ப் பெட்டியிலோ குறையில்லாத காரை, பெரும்பாலும் இரண்டு வயர்களை மாற்றுவதோடு முடியக்கூடிய பிழைக்காக விற்க வேண்டாம். வேறு காரணத்தால் விற்பதானால், வாங்குபவரிடம் இந்தப் பிழையை மறைக்காதீர்கள். கணவரோடு பேசி முடிவெடுக்கும் முன், செற்றின் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, வெள்ளி இரவு அளவையும் திங்கள் காலை அளவையும் எனக்கு எழுதுங்கள். ஒல்ரனேற்றருக்கு முற்பணம் எதுவும் அதுவரை கொடுக்க வேண்டாம்.